நிறம் பார்த்தா வாக்களித்தார்கள்?

ஆசிரியருக்கு,

2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா பெற்ற வெற்றி பற்றிய தங்கள் தலையங்கம், கறுப்பின மக்கள் நிறம் பார்த்தே வாக்களித்ததாகச் சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. வாக்குச்சாவடிக் கணிப்புப்படி அவர்களில் 95 சதவீதம் பேர் ஒபாமாவை ஆதரித்தது உண்மைதான். ஆனால் 2004இல் அதே கட்சியின் வேட்பாளராக நின்ற, வெள்ளையரான ஜான் கெர்ரிக்கும் அவர்களின் வாக்கில் 88 சதவீதம் கிடைத்ததே! பல ஆண்டுக் கட்சிப் பற்றை வெறும் இனப்பற்று என்று எழுதுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி. சரி, வெள்ளையர் வாக்கு? கெர்ரிக்கு 41 சதவீதம், ஒபாமாவுக்கு 43 சதவீதம்.

கடந்த மாதம் அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பாட்டி மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலுமாக தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் முன்வாக்குப்பதிவு வரிசைக்குக் கிளம்பினார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தன் தாயாரை வாக்காளராகப் பதிவு செய்யவே விடவில்லை என்றார். இனி இத்தகைய சதவீதங்களை வெளியிடும்போது முந்தைய தேர்தல்களின் எண்களையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

- ஒரு வாசகர், திருச்சி