ஐஸ்லாண்டு மகாராணிக்கு

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. கோபமாக இருப்பாய் என்று தெரியும். லெசன் பிளான், ரெக்கார்டு நோட்டு, சார்ட் என்று பி.எட். இரண்டாம் வருஷம் ஆளை நிமிர விடவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆச்சி உன்னை விசாரித்தாள்: "அந்தத் திருப்பூர்க்காரி இன்னும் அப்படியே ஒல்லியாத்தான் இருக்காளா?" உன் மாமியார் கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போனது. அண்ணனையும் குட்டிப்பயலையும் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடித்துவிட்டது என்று வைத்துவிடுவாய். இது பாதியில் நிறுத்துகிற விஷயம் இல்லை.

டீச்சிங் பிராக்டிஸுக்கு ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். அங்கே கடைசி பெஞ்சில் ஒரு பையன். வாய் திறக்கவே மாட்டான். அன்றைக்கு வாசிக்கச் சொன்னேன். எழுந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, 'நேம்' என்பதை "நாமே" என்று வாசித்தான். அடுத்த வரியில் 'நைஃப்' வந்தது. அதை "கினிஃபே" என்றான். வகுப்பே சிரித்தது. பின்னால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கைடு டீச்சரும் சிரித்தார். பையன் உட்காரவும் இல்லை, மேலே வாசிக்கவும் இல்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை கோமு. எம்.ஏ.வில் நாம் எல்லோரும் பாஸானால் போதும் என்று தள்ளி வைத்த அந்த ஆங்கில மொழி வரலாற்றுப் பேப்பர் இருக்கிறதே, அது முழுவதும் அந்த நிமிஷத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது. "சிரிக்காதீங்க. அறுநூறு வருஷத்துக்கு முன்னால லண்டன்ல இவன் வாசிச்ச மாதிரிதான் பேசினாங்க" என்றேன்.

அது அந்தப் பையனைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் இல்லை. 1400-இல் இறந்துபோன சாசர் எழுதிய கவிதையில் 'நேம்' என்கிற சொல்லுக்கு ஏறக்குறைய "நாமெ" என்றுதான் உச்சரிப்பு. கடைசி எழுத்துக்கும் ஒலி உண்டு. 'நைஃப்' அன்றைக்கு "க்னீஃப்". அந்த 'கே' சும்மா நின்றதில்லை, எல்லோரும் வாய் திறந்து சொன்னார்கள். ஏ என்கிற எழுத்துக்கு ஆ ஒலி, ஈ என்கிற எழுத்துக்கு ஏ ஒலி, ஐ என்கிற எழுத்துக்கு ஈ ஒலி. நம்ம பிள்ளைகள் தமிழ்க் காதோடு கூட்டி வாசிக்கும்போது வருகிற ஒலிகள்தான். அப்புறம் 1400-க்கும் 1700-க்கும் நடுவில் இங்கிலாந்துக்காரர்களின் நெடில் ஒலிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறின. "ஹூஸ்" என்றது 'ஹவுஸ்' ஆனது, "டீமெ" என்றது 'டைம்' ஆனது. டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர்சன் என்கிற மொழியறிஞர் இதற்கு 'கிரேட் வவல் ஷிஃப்ட்' என்று பெயர் வைத்தார். நீ பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் நின்று கத்திக் கத்தி மனப்பாடம் செய்தாயே, அதேதான்.

பேச்சு மாறியது, எழுத்து ஏன் மாறவில்லை? நடுவில் அச்சு யந்திரம் வந்துவிட்டது. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருந்தது அதற்கப்புறம் மெதுவாக ஒரே மாதிரி ஆகத் தொடங்கியது. ஆனால் அதே காலத்தில்தான் உச்சரிப்பு மாறிக்கொண்டும் இருந்தது. இன்றைய ஸ்பெல்லிங் என்பது, வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே எடுத்த போட்டோ. இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். அந்தப் பையன் அப்போதும் உட்காரவில்லை, ஆனால் நிமிர்ந்து நின்றான். அடுத்த பத்தியையும் அவனே வாசித்தான், தப்பும் சரியுமாக. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது வகுப்புக்குள் நுழைந்தாலே ஏதாவது ஒரு கேள்வி. 'சிட்டி'க்கும் பூனை என்கிற 'கேட்'டுக்கும் ஒரே சி, ஏன் ஒன்றில் ச, ஒன்றில் க? நான் திருப்பிக் கேட்டேன்: நம்ம 'க' மட்டும் என்ன, கடலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம், பகலில் ஒரு விதம் இல்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து நம் நாக்கு தானாக மாற்றிக்கொள்கிறது. சி எழுத்துக்கும் அப்படி ஒரு ஒழுங்கு உண்டு. பின்னால் ஈ, ஐ, ஒய் வந்தால் ச, மற்றபடி பெரும்பாலும் க. அந்த ஒழுங்கு வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிங்', 'கீப்', 'கிச்சன்' எல்லாவற்றுக்கும் முதலெழுத்து சி. 1066-இல் பிரான்ஸிலிருந்து நார்மண்டி வில்லியம் இங்கிலாந்து மேல் படையெடுத்து வந்து ஜெயித்த பிறகு, பிரெஞ்சு முறையில் எழுதிப் பழகிய எழுத்தர்களின் கைக்கு ஆங்கிலம் போனது. அவர்கள் பழக்கத்தில் ஈ, ஐ முன்னால் சி வந்தால் அது ச. 'கிங்' என்பதை 'சிங்' என்று வாசித்துவிடக் கூடாதே என்று அங்கெல்லாம் கே போட்டார்கள். 'கேட்', 'கப்' இரண்டிலும் குழப்பத்துக்கு இடமில்லை, அதனால் பழைய சி அப்படியே நின்றுவிட்டது. 'குவீன்' என்பதன் தொடக்கத்தில் க்யூவும் யுவும் வந்ததும் அவர்கள் கைவேலைதான்.

அப்புறம் மகன் என்கிற 'சன்', 'லவ்', 'கம்'. மூன்றிலும் ஒலி அ, எழுத்து ஓ. பழைய எழுத்தில் மூன்றுக்குமே யு தான். அன்றைய கையெழுத்தில் யு, என், எம், வி எல்லாமே குத்துக்கோடுகள். பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. வாசிப்பவன் கஷ்டப்படக் கூடாது என்று யுவுக்குப் பதில் ஓ எழுதினார்கள் என்றுதான் நம் பாடப் புத்தகம் சொல்கிறது. யாரோ ஒரு எழுத்தர் நம் பிள்ளைகள் மேல் காட்டிய அக்கறை மாதிரி இருக்கிறது எனக்கு.

எல்லாமே இப்படி நல்லெண்ணத்தில் நடந்ததில்லை. சிலவற்றை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. நாம் நாளுக்கு நாற்பது தடவை 'டவுட்' என்கிறோமே, அதில் பி எதற்கு? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி இல்லை. இங்கிலாந்துக்காரர்களும் பி இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். லத்தீன் மூலத்தில் பி இருக்கிறது, அது தெரிய வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகி வைத்தார்கள். ஒருத்தரும் உச்சரிக்காத எழுத்து, தங்கள் லத்தீன் படிப்பைக் காட்டிக்கொள்ள! அதற்காக இன்று பாளையங்கோட்டையில் ஒரு பிள்ளை மார்க் இழக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், மகாராணி. ஒன்பதாம் வகுப்பில் நீ 'ஐலண்ட்' என்பதை 'ஐஸ்லாண்டு' என்று வாசித்ததற்குப் பள்ளிக்கூடம் முடியும் வரை உன்னை எப்படிக் கூப்பிட்டோம்! அந்த எஸ் அங்கே இருக்கவே கூடாத எழுத்து ஏட்டி. பழைய ஆங்கிலச் சொல்லில் எஸ் கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லோடு, 'ஐல்' என்பதோடு, உறவு என்று தப்பாக நினைத்துக்கொண்டு 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் நுழைத்துவிட்டார்கள். எழுத்தில் இருந்ததை நீ வாசித்தாய். அதற்காக நம்ம சார் உன்னை நூறு தடவை எழுத வைத்தார், நீ தமிழ்ப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதினாய், அழுதுகொண்டே. நாங்கள் அதையும் வேடிக்கையாகத்தான் பேசினோம். சாருக்கும் யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் ஒரு சிறுமி கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் மேல். "மிஸ், தம்பிக்கும் யூ, ஹெட்மாஸ்டருக்கும் யூ. இங்கிலீஷ்ல மரியாதையே கிடையாதா?" இருந்தது என்று சொன்னேன். 'தவ்' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். சின்னவர்களை, நெருங்கியவர்களை, வேலைக்காரர்களை 'தவ்' என்பார்கள். பெரியவர்களை 'யூ' என்பார்கள். 1603-இல் சர் வால்டர் ராலே என்கிற கடலோடி மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, உன்னை 'தவ்' என்றுதான் சொல்வேன், துரோகி என்று நீதிமன்றத்திலேயே கத்தினார். அதுவே ஒரு அறை கொடுத்த மாதிரி. அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று சொல்லி, பெரிய மனிதர்களையும் 'தவ்' என்று அழைத்து அடி வாங்கினார்கள். கடைசியில் பொதுப் பேச்சில் 'தவ்' மறைந்து 'யூ' நின்றது. அப்படியானால் இன்று ஆங்கிலக்காரன் தம்பியையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறான். இதைக் கேட்டதும் அந்த வகுப்பு போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். மணி அடித்த பிறகும் ஒருத்தரையொருத்தர் 'தவ்' என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்குப் பாட்டு. கைடு டீச்சர் அப்சர்வேஷன் நோட்டில் 'பாடத்தை விட்டு விலகல்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டு, "போர்ஷன் யார் முடிப்பா? இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுவதும் வகுப்பு, நடுவில் பதிவேடு, மேலே ரிசல்ட் கேட்கிறவர்கள். எனக்கே இன்னும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது, டிஆர்பி வைக்கிற வேலைத் தேர்வு இருக்கிறது, அப்புறம்தான் வேலை. வேலை கிடைத்துப் பத்து வருஷம் ஆனதும் நானும் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்கிறவளாக ஆகிவிடுவேனோ என்ற பயம் ராத்திரி தூங்க விடுவதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். மற்றதெல்லாம் இதற்காகத்தான் எழுதினேன்.

ஏன் இவ்வளவு தவிக்கிறேன் என்று கேட்பாய். நம்ம ஊரில் ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டுமா இருக்கிறது? அது வராதவன் மக்கு என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதை நம்பிவிடுகிறார்கள். ஆங்கிலம் பேசிய ஜனங்களே ஒரு காலத்தில் இதே நிலையில் நின்றார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 1066-க்குப் பிறகு சுமார் முந்நூறு வருஷம் அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு, சர்ச்சில் லத்தீன். ஆங்கிலம் வயலிலும் அடுப்படியிலும். 1362-இல்தான், தங்களுக்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன பேசுகிறார்கள் என்றே ஜனங்களுக்குப் புரியவில்லை என்று காரணம் சொல்லி, வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! உங்கள் பெரியப்பா நிலத்தகராறுக்காக மதுரை ஹைகோர்ட் கிளைக்கு அலைந்தாரே, வக்கீல்கள் இங்கிலீஷில் பேசியது எதுவும் விளங்கவில்லை என்று திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாரே, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். அங்கே இன்றும் வழக்காடு மொழி ஆங்கிலம்தான். சமையல்கட்டு மொழி என்று தள்ளி வைக்கப்பட்ட ஆங்கிலம் பின்னால் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று தெரிந்தால், நம் பிள்ளை தன் தமிழையும் குனிந்து பேசாது, ஆங்கிலத்தைக் கண்டும் நடுங்காது. நான் இதை மனசார நம்புகிறேன்.

போர்ஷனும் கெடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்கு நான் எடுத்துக்கொள்வது ஐந்து நிமிஷம்கூட இல்லை. 'நைஃப்', 'நீ' என்கிற முழங்கால், 'நோ' என்கிற அறிதல், 'நாட்' என்கிற முடிச்சு, எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிப் போட்டு, பழைய மாதிரி கே சேர்த்துச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். அடுத்த டிக்டேஷனில் கே விட்டவர்கள் ரொம்பக் குறைவு. கைடு டீச்சரிடம் அந்த நோட்டுகளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் 'டாட்டர்' என்பதில் ஜிஎச் ஏன் என்று மட்டும் மெல்லக் கேட்டார். அதுவும் தொண்டையிலிருந்து ஒலித்த எழுத்துதான் என்றேன்.

உன் குட்டிப்பயல் நைஃபுக்குக் கே எதற்கு என்று கேட்டான், நீ "சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். இனிமேல் அப்படிச் சொல்லாதே. அவனைக் 'க்னீஃப்' என்று நாலு தடவை சொல்லச் சொல், பிறகு மறக்கவே மாட்டான். இம்போசிஷன் கொடுக்கிற வேலை உன் வீட்டில் வேண்டாம்.

ஆடித் தபசுக்கு ஊருக்கு வருவாய்தானே? வந்தால் ஒரு நாள் எனக்காக ஒதுக்கு, இடையன்குடிக்குப் போகலாம். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அந்தத் தேரிக்காட்டு ஊரில்தான் வெகுகாலம் வாழ்ந்தார், அங்கேதான் அடக்கமும் ஆனார். மொழிகளின் வரலாற்றை நம்ம ஜில்லாவில் உட்கார்ந்து எழுதிய ஊரை இத்தனை வருஷமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருக்கிறோம். அந்த எட்டாம் வகுப்பையும் ஒருநாள் அழைத்துப்போக ஆசை, பஸ் செலவுக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

அதற்குள் குட்டிப்பயலிடம் ஒரு பேப்பரைக் கொடு. ஸ்கூல் புத்தகத்தில் எந்தெந்த ஸ்பெல்லிங் அவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதோ எல்லாவற்றையும் எழுதச் சொல்லி எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் தேடிப் படித்துப் பதில் எழுதுகிறேன், அவன் பெயருக்கே தனிக் கடிதமாக. உன் பதிலையும் அதோடு வை. பயந்ததெல்லாம் எழுதியிருக்கிறேன், அதற்கு மட்டும் விளையாட்டாகப் பதில் போட்டுவிடாதே.

உன்
செண்பகம்

பி.கு.: உன் நாத்தனார் டெட் எழுதி முடித்துவிட்டாள் என்றாயே, பழைய கேள்வித்தாள்கள் இருந்தால் ஊருக்கு வரும்போது எடுத்து வா. இன்னொரு பாட்டில் ஊறுகாயும்.