பார்பரா ஸ்டான்விக்கிற்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகையரைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கிரேட்டா கார்போவுக்கும் இங்ரிட் பெர்க்மனுக்கும் பக்கங்களை ஒதுக்கிய கட்டுரையாளர், பார்பரா ஸ்டான்விக்கை மட்டும் ‘நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஆஸ்கர் கிடைக்காத நடிகை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாற்பது ஆண்டுகளாக அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வரும் எனக்கு அந்த வரி மனவருத்தம் தந்தது. அது அவருடைய கலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. முழு உண்மையும் அல்ல.

1907-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ரூபி ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பிறந்தவர் அவர். நான்கு வயதில் தாயை இழந்து, தந்தையும் விட்டுப் போய்விட, அக்காவின் நிழலிலும் பிறர் வீடுகளிலும் மாறி மாறி வளர்ந்து, பதின்வயதிலேயே மேடையில் குழு நடனம் ஆடிப் பிழைத்தார். திரையில் அவர் நடித்த பெண்கள் எத்தனை அடிபட்டாலும் தம்மைப் பார்த்துத் தாமே இரக்கப்படுவதில்லை என்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமியின் நினைவு வரும்.

1930-இல் அவரை இயக்கிய ஃபிராங்க் காப்ரா, முதல் டேக்கிலேயே அவர் தம்மிடம் உள்ள அனைத்தையும் கொட்டிவிடுகிறார், அடுத்தடுத்த டேக்குகளில் அந்த உயிர் குறைந்துவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டார். அதனால் மற்ற நடிகர்களை அவர் இல்லாமலே ஒத்திகை பார்க்கச் செய்து, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அந்த முதல் டேக்கைப் பிடித்துக்கொண்டார். ஒரு நடிகைக்காகப் படப்பிடிப்பு முறையையே இயக்குநர் மாற்றிக்கொள்வது சாதாரணமான செய்தியா?

1944-இல் வெளிவந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’ படத்தில், காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் துணியும் மனைவியாக நடிக்க முதலில் அவர் தயங்கினார். நாயகியாகவே நடித்துவந்தவருக்குக் கொலைகாரி வேடம் அச்சம் தந்தது. இயக்குநர் பில்லி வைல்டரோ, நீங்கள் எலியா, நடிகையா என்று கேட்டுவிட்டார். அந்தக் கொலைக் காட்சியை வாசகர்கள் ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் காரை ஓட்டுகிறார், கணவன் பக்கத்து இருக்கையில் இருக்கிறான், காதலன் பின்னால் ஒளிந்திருக்கிறான். குறித்த இடம் வந்ததும் மூன்று முறை ஹாரன் அடித்து அடையாளம் காட்டுகிறார். அதற்குப் பிறகு நடப்பது எதையும் நாம் பார்ப்பதில்லை. கேமரா அவர் முகத்தை விட்டு அகலுவதே இல்லை. பக்கத்தில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்க, அந்தக் கண்கள் சாலையையே நோக்கியிருக்கின்றன. முகத்தில் மெல்ல ஒரு நிறைவு படர்கிறது. வசனம் ஏதுமின்றி, சில நொடிகளில், அவள் எப்படிப்பட்டவள் என்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது.

அதே முகம்தான் 1937-இல் ‘ஸ்டெல்லா டாலஸ்’ படத்தின் இறுதியில் மழையில் நனைந்து நிற்கிறது. மகளின் நல்வாழ்வுக்காக அவளைத் தன்னிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்ட தாய், செல்வந்தர் வீட்டில் நடக்கும் அவள் திருமணத்தைத் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஜன்னல் வழியே பார்க்கிறாள். போலீஸ்காரர் கலைந்து போகச் சொல்லும்போது, மணமகன் முத்தமிடுகையில் மகளின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். பிறகு கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக நம்மை நோக்கி நடந்து வருகிறாள். நான் தாயாவதற்கு முன்பும் பின்பும் இக்காட்சியைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அழுதேன், ஆனால் இரண்டாம் முறைதான் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

நகைச்சுவையிலும் அவர் குறைந்தவரல்லர். ‘தி லேடி ஈவ்’ படத்தில் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் நாயகன் ஹென்றி ஃபோண்டாவை வளைக்கப் பார்க்கும் பெண்களுக்கெல்லாம் வர்ணனை சொல்லும் அழகே தனி. ஐம்பதை நெருங்கிய வயதில், வேறொரு படத்தில், குதிரை தரையோடு தம்மை இழுத்துச் செல்லும் காட்சியில் டூப் போடாமல் நடித்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

விருதைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். 1939-இல் ‘கோல்டன் பாய்’ படத்தில் புதுமுக நாயகனாக வந்த வில்லியம் ஹோல்டனை நீக்கிவிடத் தயாரிப்பு நிறுவனம் எண்ணியபோது, அவருக்காக வாதாடி, உடனிருந்து நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டான்விக். 1978 ஆஸ்கர் மேடையில் இருவரும் விருது வழங்க வந்தபோது, எழுதிக் கொடுத்த உரையை ஒதுக்கிவிட்டு ஹோல்டன் அந்த நன்றியை உலகறியச் சொன்னார். 1981 நவம்பரில் ஹோல்டன் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், ஸ்டான்விக்கிற்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. தமக்கு இவ்விருது கிடைக்க வேண்டும் என்று எப்போதும் விரும்பிய அந்த நண்பரை மேடையிலேயே நினைவுகூர்ந்து, ‘என் கோல்டன் பாய், இன்றிரவு உன் ஆசை நிறைவேறியது’ என்று தழுதழுத்த குரலில் சொன்னார்.

ஆகவே, ஆஸ்கர் கிடைக்கவில்லை என்ற தகவலை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறும், இயலுமானால் ஸ்டான்விக்கைப் பற்றி ஒரு தனிக் கட்டுரைக்கு இடம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.