'எத்திக்ஸ்' என்பதை எங்கள் கரையில் எந்தச் சொல்லால் சொல்லப் போகிறீர்கள்?

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஆய்வும் பயிற்சியும் நடத்தும் அலுவலர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும், அவர்களுக்காகத் துண்டறிக்கையும் ஒப்புதல் படிவமும் தமிழாக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தொண்டி முதல் மூக்கையூர் வரை நீங்கள் கொடுக்கும் தாள்களில், எப்படி நடந்துகொள்வது சரி என்பதைக் குறிக்கும் 'எத்திக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் 'நெறிமுறைகள்' என்றே அச்சாகிறது. அந்தச் சொல்லில் பிழையில்லை. ஆனால் கொரோனா காலத்துக்குப் பிறகு நெறிமுறை என்றாலே மேலிருந்து வரும் உத்தரவு, மீறினால் அபராதம் என்றுதான் காதில் விழுகிறது. எத்திக்ஸ் என்ற சொல்லுக்குப் பிறப்பிலேயே அந்தப் பொருள் கிடையாது.

அது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு: நெடிலில் தொடங்கும் ஏத்தொஸ், குறிலில் தொடங்கும் எத்தொஸ். எத்திக்ஸ் பிறந்தது நெடில் சொல்லிலிருந்து. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்தெழுதும் நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. குறில் சொல்லுக்குப் பழக்கம் என்று பொருள். நெடில் சொல் பின்னாளில் குணத்தைக் குறித்தது. அதன் பழைய பொருளோ ஓர் உயிர் பழகித் தங்கும் இடம். இலியட் காப்பியத்தில் கட்டறுத்து ஓடும் குதிரை போய்ச் சேரும் பழகிய இடத்துக்கும், ஒடிசி காப்பியத்தில் பன்றிகள் இரவில் அடையும் பட்டிக்கும் கிரேக்கக் கவிஞர் ஹோமர் இச்சொல்லையே பன்மையில் ஆள்கிறார். ஆட்டுக்கிடை பார்த்த எவருக்கும் இது உடனே புரியும்.

இடத்தின் பெயரே நடத்தையின் பெயராவது தமிழுக்கும் புதிதல்ல. திணை என்றால் நிலம். திணை என்றால் ஒழுக்கம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் எழுதினார்கள். ஒழுக்கம் பிறந்தது 'ஒழுகு' என்ற வினையிலிருந்து. நீர் ஒழுகுவதுபோல அறாமல் நடந்துவருவது அது. ஒருநாள் செய்து மறுநாள் விடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: நற்குணம் பழக்கத்தால் வருகிறது, அதன் பெயரும் பழக்கம் என்ற சொல்லிலிருந்து சற்றே திரிந்தது. கல்லைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் அது மேலே போகப் பழகாது என்று உவமையும் சொன்னார். பிறகு ரோம் நாட்டு அறிஞர் சிசரோ, வழக்கம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு ஈடாக ஒரு சொல்லை உருவாக்கினார். ஆங்கில 'மாரல்' அந்த வழியில் வந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எத்திக்ஸ் என்பதன் கடைசி 'ஸ்' பல விதிகள் என்று எண்ணிச் சொல்லும் பன்மை அன்று. 'குணம் பற்றியவை' என்ற கிரேக்க வழக்கின் எச்சம் அது. பிசிக்ஸ் என்பதிலும் அதுவே இருக்கிறது. அதைப் பார்த்து 'கள்' சேர்த்ததும், ஓர் இயல்பு ஒரு பட்டியலாகிவிடுகிறது.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களின் கையைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். இரும்புச் சுரண்டியால் எடுத்தால் பை சீக்கிரம் நிறையும். ஆனால் பாறையைப் பற்றியிருக்கும் அடியும் சேர்ந்து பெயர்ந்துவிடும். மறுபடி துளிர்க்க அங்கே எதுவும் மிஞ்சாது. சுரண்டி கூடாது, மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது என்று அவர்களே பேசி வைத்த கட்டு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக்கிய சட்டம் வேறு, இந்தக் கட்டு வேறு. ஏத்தொஸ் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. அவர்களையே உட்காரவைத்து 'எத்திக்ஸ் என்றால் என்ன' என்று வகுப்பெடுப்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எந்தச் சொல்லைப் போடுவது? அறம் ஆழமான சொல்தான், ஆனால் அறக்கட்டளை, அறநிலையத் துறை என்று கேட்டுப் பழகிய காதுக்குத் தானமும் கோயிலும்தான் முதலில் நினைவுக்கு வரும். தருமம் பிச்சையாகச் சுருங்கிவிட்டது. ஒழுக்கம் இன்று ஆண்-பெண் நடத்தையைக் குறிக்கிறது. ஆகவே ஆய்வு மக்களிடம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் 'எத்திக்ஸ் கமிட்டி'யை ஒழுக்கக் குழு என்று எழுதினால், யார்மேல் என்ன புகார் என்று கேட்பார்கள். நீதிக் குழு என்றால் பஞ்சாயத்து வைக்கப் போகிறார்கள் என்று பொருள்.

பேச்சில் உயிரோடு இருப்பது 'முறை'. 'இது முறையா?' என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டதும் முறைதான். உறவும் முறை, வரிசையும் முறை, நியாயமும் முறை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒப்படைத்த பொருளைக் காப்பதை அமானிதம் என்பார்கள். மக்களிடம் வாங்கிய தகவலை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று சொல்ல, அங்கே அந்தச் சொல்லையே ஆளலாம்.

திருக்குறள் உரையில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்தார். உங்கள் தாளிலும் அவை கலக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் சட்டம். அதைச் 'சட்டம்' என்றே எழுதுங்கள். ஊர் தானே வைத்துக்கொண்டதை 'ஊர்க்கட்டு' என்று தனிப் பத்தியில் போடுங்கள். நீங்கள் மக்களுக்குக் கொடுக்கும் வாக்கை 'நாங்கள் நடந்துகொள்ளும் முறை' என்று தலைப்பிட்டு, 'நாங்கள் செய்வோம்' என்று தன்மையில் எழுதுங்கள். 'செய்யப்படும்' என்று எழுதினால் யார் செய்வார் என்பது மறைந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் 'தகவலறிந்த ஒப்புதல்' வேண்டாம், 'கேட்டுத் தெரிந்துகொண்டு தரும் சம்மதம்' போதும். முதல் வரியில் என்ன கேட்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பது வரட்டும். அடுத்து, சொன்னது யார் கைக்குப் போகும் என்பது. மூன்றாவதாக, மாட்டேன் என்று சொன்னால் கடலுக்குப் போக வாங்கும் டோக்கனுக்கோ தடைக்கால நிவாரணத்துக்கோ தடை வராது என்பது. இந்த மூன்றாவது வரி விடுபட்டால், கையெழுத்துக் கேட்கும் தாள் எல்லாம் நிவாரணத் தாளாகத் தோன்றும்; பயந்து போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

அச்சுக்குக் கொடுக்குமுன் வலை பின்னும் ஒருவரிடமும் பாசி எடுக்கும் ஒருவரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டி, 'என்ன புரிந்தது, உங்கள் பேச்சில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் சொல்லைத் தாளில் ஏற்றுங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும். உதவிக்கு அழைத்தால் நாங்களும் வருகிறோம்.

அன்புடன்,
இராமநாதபுரம் கடலோரத் தமிழாசிரியர்கள் சிலர்