கொப்துக் கிறிஸ்தவர்களைத் தப்பறைக்காரர் என்று எழுதாதீர்கள்

மறைக்கல்விக்காகத் திருச்சபை வரலாறு எழுதும் தந்தையருக்கும் ஆசிரியர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவன் நான். போன மாதம் கல்செதோன் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் பற்றிய பாடம். கிறிஸ்துவிடம் இறை இயல்பு, மனித இயல்பு இரண்டும் உண்டு என்று 451-ல் அந்தச் சங்கம் அறிக்கையிட்டது. எகிப்தியரோ, அதாவது இன்றைய கொப்துத் திருச்சபையின் முன்னோரோ, அவருடைய மனிதத்தன்மை இறைத்தன்மையில் கரைந்துபோனதாகச் சொல்லித் தப்பறையில், அதாவது தவறான போதனையில், விழுந்தார்கள். கையிலிருந்த குறிப்பில் இவ்வளவுதான். வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். 2015-ல் லிபியக் கடற்கரையில் தலை வெட்டப்பட்ட 21 பேரில் 20 பேர் கொப்துக்காரர்கள்தானே, அவர்கள் நம்பியது தப்பா என்று கேட்டாள்.

பதில் தெரியாமல் நின்றேன். அப்புறம்தான் அவர்களுடைய திருவழிபாட்டை எடுத்துப் படித்தேன். நற்கருணைக்கு முன் குரு இப்படி அறிக்கையிடுகிறார்: ஆண்டவர் மரியாவிடம் உடலெடுத்தார், அதைக் கலக்காமல், குழம்பாமல், மாறாமல் தம் இறைத்தன்மையோடு ஒன்றாக்கினார், அவருடைய இறைத்தன்மை மனிதத்தன்மையை விட்டு ஒரு நொடிகூட, கண் இமைக்கும் நேரம்கூடப் பிரிந்ததில்லை. கல்செதோன் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரைந்துபோனது என்ற கருத்து எவுத்திக்கேஸ் என்ற துறவியின் பெயரில் வழங்குவது. கொப்துத் திருச்சபை அவரையும் கண்டிக்கிறது. அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது, 'மனுவுருவான வார்த்தையாம் கடவுளின் ஒரே இயல்பு' என்ற, எகிப்தின் அலெக்சாந்திரிய ஆயர் சிரிலின் வாக்கை. அந்தச் சிரில் நமக்கும் மறைவல்லுநர் அல்லவா? 'இயல்பு' என்று நாம் சொல்லும் கிரேக்கச் சொல் அலெக்சாந்திரியக்காரர் காதில் உயிருள்ள ஓர் ஆளைக் குறித்தது. இரண்டு இயல்பு என்றதும், 431-ல் எபேசு சங்கத்தில் கண்டிக்கப்பட்ட நெஸ்தோரியு என்ற ஆயரின் இரண்டு கிறிஸ்துகள் திரும்பி வருவதாகப் பயந்தார்கள். கிறிஸ்து 'இரண்டிலிருந்து' ஆனவர் என்றால் ஏற்கிறேன், 'இரண்டு' என்றால் ஏற்கமாட்டேன் என்று அலெக்சாந்திரிய ஆயர் தியோஸ்கோர் கல்செதோன் சங்கத்திலேயே சொன்னார். பேரரசரின் அதிகாரமும் ஆயர்களின் போட்டியும் சேர்ந்து அதைப் பெரும் பிளவாக்கின.

1973 மே 10-ல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கொப்துத் திருத்தந்தை மூன்றாம் ஷெனூதாவும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: இறைத்தன்மையில் முழுக் கடவுள், மனிதத்தன்மையில் முழு மனிதர். 2023-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த 21 பேரையும் நம் மறைசாட்சியர் பட்டியலிலேயே சேர்த்தார். இதற்குப் பிறகும் பழைய வரி ஏன்?

அந்த வரியை எடுத்துவிடுங்கள். கல்செதோன் அறிக்கைக்குப் பக்கத்தில் அவர்களுடைய மன்றாட்டை அச்சிடுங்கள். வருகிற ஞாயிறு அதை அந்த மாணவியையே வாசிக்கச் சொல்லப் போகிறேன்; என் கைப்பிரதியிலிருந்துதான். அடுத்த பதிப்பில் பாடத்திலிருந்தே வாசிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்