சிறுவிடைக் கோழி கலந்து மறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறக்கடைக் கோழி வளர்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகள் என்னைப் போன்ற சிறு விவசாயக் குடும்பங்களுக்குப் பயன்படுகின்றன. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்றை, சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழியான சிறுவிடை பிற இனங்களோடு கலந்து மறைந்துவருவதை, பற்றி எழுத விரும்புகிறேன்.

ஒரே தோட்டத்தில் பல இனக் கோழிகளை வளர்ப்பதில் தவறில்லை. எங்கள் தோட்டத்திலும் சிறுவிடை, பெரிய உடல்கொண்ட பெருவிடை, கருங்கோழி, கழுத்தில் இறகில்லாத கோழி ஆகியவை உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கருங்கோழிக்கு, 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தபின், நல்ல விலை கிடைக்கிறது. கழுத்தில் இறகில்லாத கோழி கோடை வெயிலை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. பெருவிடைச் சேவலுக்கு எடையும் மதிப்பும் அதிகம். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் புறக்கடையிலேயே கூடுதல் முட்டை தருவதால், அவற்றை வளர்ப்போரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இவற்றுள் முட்டையிட்டு, தானே அடைகாத்து, குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்புவித்து வளர்த்து ஆளாக்கும் திறன் சிறுவிடைக்கே மிகுதி. ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டைகளே இடும் என்று அதைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். 300 முட்டைக்கு மேல் இடும் பண்ணைக் கோழியான வெள்ளை லெகார்னுக்கு அடைக்கு உட்காரும் குணமே தேர்வின் வழியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கருங்கோழி பெரும்பாலும் சரியாக அடைகாக்காது. பெருவிடைப் பெட்டை தன் எடையால் முட்டையை உடைத்துவிடுவதுண்டு. ஆகவே அந்த முட்டைகளையும் 21 நாள் அடைகாத்துப் பொரித்துத் தருவது எங்கள் வீட்டுச் சிறுவிடைப் பெட்டைதான். மின்சாரமும் குஞ்சு பொரிக்கும் கருவியும் இல்லாத வீட்டில் கோழி வளர்ப்பு தொடர்வது அதனால்தான்.

எல்லா இனச் சேவல்களையும் ஒன்றாக மேயவிட்டால் சில தலைமுறைகளில் இந்தக் குணம் கரைந்துவிடுகிறது. கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறை நன்றாகவே வளரும். அந்தக் கவர்ச்சியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் எடையும் நிறமும் தாறுமாறாகி, அடைக்கு உட்காரும் பெட்டைகள் அரிதாகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் சிறுவிடைப் பெட்டைகள் எட்டுப் பத்துக்கு ஒரு சிறுவிடைச் சேவலைத் தனியே அடைத்து வைப்பது சிறு குடும்பத்துக்கும் இயலக்கூடியதே. வேறு சேவலுடன் இருந்த பெட்டையாக இருந்தால், பிரித்தபின் மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும்; முந்தைய சேவலின் விந்து அதுவரை பெட்டையின் உடலில் உயிருடன் இருக்கக்கூடும். இதை விளக்கிச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

வெளிச்சந்தையில் 'நாட்டுக்கோழிக் குஞ்சு' என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் கலப்பினங்களே மிகுதியாக இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாங்குபவருக்கு அது வளர்ந்து முட்டையிட்டு, அடைக்கு உட்காராதபோதுதான் உண்மை தெரிகிறது. அதற்குள் தன்னிடமிருந்த பழைய சிறுவிடைப் பெட்டையை அவர் விற்றிருப்பார்.

எனவே, குஞ்சு விற்போர் அதன் இனத்தையும் தாய்க்கோழி, தந்தைச் சேவல் விவரத்தையும் எழுத்தில் தருவதைக் கால்நடை பராமரிப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள், சிறுவிடை வளர்க்கும் குடும்பங்களை ஊர்தோறும் கணக்கெடுத்து, அவர்களுக்குள் சேவல்களை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தால் உறவுக்குள் இனப்பெருக்கம் நேர்வதும் குறையும். சனிக்கிழமைகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்துக்கு நாங்கள் கோழிகளைக் கொண்டு செல்கிறோம். இந்தக் கணக்கெடுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் விவசாயி,
சிவகங்கை மாவட்டம்.