கோடிட்ட இடத்தை நிரப்பியது போதும்: சட்டக் கல்லூரி ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டக் கல்லூரிகளில் ஆங்கிலத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், அதை வகுப்பில் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு வழக்கறிஞர். படிப்பை முடித்துப் பதிவு செய்துகொண்டு வரும் ஜூனியர்களோடுதான் என் பொழுது போகிறது. அவர்களுடைய ஆங்கிலத்தைப் பற்றி நீதிமன்ற வளாகத்தில் குறை சொல்லாதவர்கள் இல்லை. உச்சரிப்பு சரியில்லை, சரளம் இல்லை, அஃபிடவிட்டில் பிழை மலிந்து கிடக்கிறது என்பார்கள். அதெல்லாம் இரண்டு வருடம் போனால் தானாகத் தேறிவிடும். என்னை வாட்டுவது வேறு. பேர் ஆக்டை, அதாவது உரையும் விளக்கமும் இல்லாத சட்ட வாசகத்தை, திறந்து ஒரு செக்‌ஷனைக் காட்டி, "இது யாரை, எந்தச் சூழ்நிலையில், என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. கைடில் படித்த சுருக்கம்தான் வருகிறது. நுனிநாக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் விலக்கல்ல.

ஆகவே இந்த மடல் ஸ்போக்கன் இங்கிலீஷ் பற்றியது இல்லை. சட்டத்தை வாசிக்கக் கற்றுத்தருவதற்காகவே ஆங்கில இலக்கணத்தை நடத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்போதைய தாள்கள் பெரும்பாலும் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கோடிட்ட இடத்தில் ப்ரிபொசிஷன் போடு, ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்று, லத்தீன் மேக்ஸிம்களுக்கு (சட்ட முதுமொழிகளுக்கு) பொருள் எழுது, பொதுவான தலைப்பில் ஒரு கட்டுரை எழுது. பள்ளியில் ஏழாம் வகுப்பிலிருந்து செய்துவந்ததையே இன்னொரு முறை செய்கிறார்கள். மேக்ஸிம்களை மனப்பாடம் செய்வதில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதைக் கொண்டு எந்த செக்‌ஷனும் புரிந்துவிடாது.

பாஸிவ் வாய்ஸையே எடுத்துக்கொள்வோம். 'ராமன் ராவணனைக் கொன்றான்' என்பதை 'ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்' என்று மாற்றத் தெரிந்த மாணவருக்கு, 'நோட்டீஸ் ஷல் பி கிவன்' (அறிவிப்பு கொடுக்கப்பட வேண்டும்) என்று ஒரு விதி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி தெரியவில்லை. யார் கொடுக்க வேண்டும்? யாருக்கு? வாக்கியத்தில் ஆளைக் காணோமே? அந்த ஆள் முந்தைய உட்பிரிவில் இருக்கலாம், விளக்கப் பிரிவில் இருக்கலாம், எங்கேயுமே இல்லாமலும் போகலாம். இல்லை என்றால் வழக்கே அங்கேதான் பிறக்கிறது. பாஸிவ் வாய்ஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 2, உட்பிரிவு (டி). கன்சிடரேஷன், அதாவது ஒரு வாக்குக்கு ஈடாகக் கிடைக்கும் பிரதிபலன், என்றால் என்ன என்று சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தைப் பார்த்து மிரளாத முதலாண்டு மாணவர் அபூர்வம். 'வென்' என்று தொடங்குகிறது. அப்புறம் வாக்குக் கொடுத்தவருடைய விருப்பத்தின்பேரில், வாக்குப் பெற்றவரோ வேறு எவருமோ என்று எழுவாய் வருகிறது. அதன்பின் செய்திருக்கிறார் அல்லது செய்யாமல் இருந்திருக்கிறார், செய்கிறார் அல்லது செய்யாமல் இருக்கிறார், செய்வதாக அல்லது செய்யாமல் இருப்பதாக வாக்களிக்கிறார் என ஆறு கிளை. இந்த ஆறுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒற்றை 'சம்திங்' செயப்படுபொருளாக நிற்கிறது. இத்தனையும் வெறும் நிபந்தனைதான். தலைமை வாக்கியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: அப்படிப்பட்ட செயலோ, தவிர்ப்போ, வாக்கோ அந்த வாக்குறுதிக்குக் கன்சிடரேஷன் எனப்படும். இதைக் கரும்பலகையில் எழுதி, கிளைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பிரித்துப் போட்டால் ஒரே வகுப்பில் முடிந்துவிடும். நடுவில் 'அல்லது வேறு எவரும்' என்று ஒரு சிறு தொடர் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அதன் பலத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில், கன்சிடரேஷன் மூன்றாம் நபரிடமிருந்து வந்தாலும் செல்லும் என்றது. மாணவர்கள் அந்த வழக்கின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அது சட்டத்தின் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதெல்லாம் கூடுதல் சுமை என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று வாக்கியத்தைப் பிரிக்க அவர்கள் பள்ளியிலேயே பழகியவர்கள். செய்யுளில் சொற்கள் எங்கெங்கோ கிடந்தாலும் எதை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்பதற்குப் பொருள்கோள் என்று ஓர் இலக்கணமே நம்மிடம் இருக்கிறது. நன்னூல் அதில் எட்டு வகை சொல்கிறது. இறுதியில் நிற்கும் சொல் பின்னோக்கிப் போய் இடையிலும் முதலிலும் உள்ளவற்றோடு சேர்வது அளைமறிபாப்பு.

அதற்கு ஏறக்குறைய ஒப்பான ஒன்றை நம் உச்ச நீதிமன்றமே அலசியிருக்கிறது. முகமது ஷபீர் எதிர் மகாராஷ்டிர அரசு, 1979. மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. விற்பனைக்காகத் தயாரித்தல், காற்புள்ளி, விற்றல், காற்புள்ளி, அதன்பின் 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்'. மருந்தைச் சும்மா இருப்பு வைத்திருந்தாலே குற்றமா, விற்பனைக்காக வைத்திருந்தால்தான் குற்றமா? 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை என்பதை நீதிமன்றம் கவனித்தது. ஆகவே கடைசியில் உள்ள 'ஃபார் சேல்' காட்சிக்கு வைப்பதோடு நிற்காமல் இருப்பு வைப்பதையும் பற்றிக்கொள்கிறது, விற்பனை நோக்கம் இல்லாத வெறும் இருப்பு அந்தப் பிரிவில் வராது என்றது. ஒரு காற்புள்ளி இல்லாததால் ஒரு மனிதனின் தண்டனைக் கணக்கு மாறுகிறது. பங்க்சுவேஷன் என்ற பாடத்தை இந்த வழக்கோடு நடத்திப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

தமிழ் வாசகருக்கு உண்மையிலேயே இடறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். வினைமுற்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று மனம் ஓய்ந்துவிடும். ஆங்கிலச் சட்ட வாக்கியம் பல நேரம் வினையை முதலிலேயே சொல்லிவிட்டு, 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'ப்ரொவைடட் தட்' என்று வால் பிடித்துக்கொண்டு போகும். மாணவர் பாதியில் புரிந்துவிட்டதாக நினைத்து அடுத்த செக்‌ஷனுக்குத் தாவுகிறார். கட்சிக்காரரைக் காப்பாற்றும் விதிவிலக்கு அந்த வாலில் கிடக்கிறது. இதை ஒரு முறை எடுத்துச் சொன்னாலே போதும், பிடித்துக்கொள்வார்கள். சொல்லத்தான் ஆளில்லை.

'நாட்வித்ஸ்டாண்டிங்' (எது எப்படி இருந்தாலும்), 'சப்ஜெக்ட் டு' (இதற்கு உட்பட்டு) இரண்டையும் அருஞ்சொல் பட்டியலில் வைத்துப் பொருள் எழுதச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் அரசியலமைப்பின் 246-ஆம் உறுப்பை வாசிக்கக் கொடுங்கள். நாடாளுமன்றத்துக்கும் 'எக்ஸ்க்ளூசிவ் பவர்', மாநில சட்டமன்றத்துக்கும் 'எக்ஸ்க்ளூசிவ் பவர்' என்றுதான் அதில் இருக்கிறது. இருவருக்கும் தனி அதிகாரம் என்றால் மோதும்போது யார் பக்கம்? முதல் உட்பிரிவு 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்குகிறது, மூன்றாவது 'சப்ஜெக்ட் டு' என்று தொடங்குகிறது. மாநில உரிமை பற்றி மேடைகளில் நாம் பேசும் பேச்சில் பாதி அந்த இரண்டு தொடர்களில் அடங்கிவிடும்.

தீர்ப்புகளை வாசிப்பது இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. ஒரு முறை ஒரு ஜூனியர் எங்கள் பக்கத்துக்குச் சாதகமான சைட்டேஷன் (மேற்கோள் காட்டத்தக்க முன் தீர்ப்பு) என்று ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தார். மஞ்சள் அடித்திருந்த பத்தி அருமையாகத்தான் இருந்தது. அதன் முதல் வரியில் 'லேர்னட் கவுன்சல் சப்மிட்டட் தட்' என்று இருந்தது. அதாவது தோற்றுப்போன வக்கீலின் வாதம். இரண்டு பக்கம் தள்ளி 'வீ ஆர் அனேபிள் டு அக்செப்ட்' என்று நீதிபதி அதை நிராகரித்திருந்தார். அந்த ஜூனியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தீர்ப்பில் பேசுவது யார், நீதிபதியா, வக்கீலா, கீழமை நீதிமன்றமா, மேற்கோள் காட்டப்பட்ட இன்னொரு தீர்ப்பா என்று அடையாளம் காண அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பார். அந்தப் பாடம் பயன்பட வேண்டிய இடம் இதுதான் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு பருவத்துக்கு ஒரு தீர்ப்பு, முழுத் தீர்ப்பு, வகுப்பில் வாய்விட்டு வாசிக்கட்டும். எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பரிந்துரை விர்சா சிங் எதிர் பஞ்சாப் அரசு, 1958. நீதிபதி விவியன் போஸ் எழுதியது, அளவில் சிறியது, வாக்கியங்கள் தெளிவானவை. வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து, ஆள் இறந்துவிட்டார். கொலையைப் பற்றிய, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் மூன்றாவது கூறு, 'காயம் விளைவிக்கும் நோக்கம்' என்றும், 'அண்ட்' போட்டு, 'அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது' என்றும் சொல்கிறது. மரணம் விளைவிக்கப் போதுமான காயம் என்பதும் குற்றவாளியின் நோக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். போஸ் அந்த 'அண்ட்' இருக்கும் இடத்தில் வாக்கியத்தைப் பிளந்தார். முதல் பாதி குற்றவாளியின் மனத்தைப் பற்றியது, இரண்டாம் பாதி காயத்தைப் பற்றியது, அங்கே மனத்துக்கு வேலையில்லை என்றார். தண்டனை நிலைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண் 101 ஆகிவிட்டது, ஆனாலும் அந்த வாக்கியமும் அந்த வாசிப்பும் உயிரோடுதான் இருக்கின்றன. (நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அகராதியோடு மல்லுக்கட்டும் வயது பிறகு வரும்.)

தீர்ப்புகளே தமிழில் மொழிபெயர்த்து வரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் 348-ஆம் உறுப்பு இன்றைக்கு இருக்கிறபடி, உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் நாடாளுமன்றச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகத்துக்கும் ஆங்கிலம்தான். அதை மாற்றப் போராடுவதற்கும் முதலில் அதை வாசித்தாக வேண்டும்.

வகுப்பில் அறுபது, எழுபது பேர், இன்டர்னல் மதிப்பெண் வேலை, பாடத்திட்டத்தைத் தொடக்கூட அதிகாரம் இல்லை என்ற உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. பல இடங்களில் ஆங்கிலம் நடத்துபவர் இலக்கியம் படித்தவர், சட்டம் நடத்துபவர் இலக்கணத்தைத் தொடமாட்டார், இருவரும் ஆசிரியர் அறையில் மட்டும் சந்தித்துக்கொள்கிறார்கள். இந்த இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்துவதற்கு எந்த விதியும் தடையாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த இன்டர்னல் தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். மாணவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு செக்‌ஷனையும், அதன் ப்ரொவைசோவையும் (விதிவிலக்கு சொல்லும் பகுதியையும்), நாலு வரியில் ஒரு சம்பவத்தையும் கொடுங்கள். பேர் ஆக்ட் கையில் இருக்கட்டும், அகில இந்திய பார் தேர்வே குறிப்பெழுதாத பேர் ஆக்டை அனுமதிக்கிறது. இந்தச் சம்பவத்துக்கு இந்தப் பிரிவு பொருந்துமா, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள், சோதிப்பது வாசிப்பைத்தானே. வினாத்தாள் தயாரிக்க ஆள் வேண்டும் என்றால் நீதிமன்ற விடுமுறை நாட்களில் வர நான் தயார். என்னைப் போல இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்