‘இல்லை’ என்று எழுதவும் அவர்களை விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர் இளைஞர் திட்டங்களுக்கு நிதியுதவி வழங்கும் தேர்வுக்குழுக்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளையும் சேர்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதற்கு அடுத்த இதழில் வாசகர் ஒருவர், சம்பாதித்துப் பழகாதவர்கள் கையில் பணத்தைக் கொடுத்தால் விளையாட்டாகத்தான் செலவழிப்பார்கள் என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு குழுவில் பெரியவர்கள் தரப்பில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம்.

நான் பார்த்த வரையில் கையை இறுக்கிப் பிடித்தது பிள்ளைகள்தான். ‘தலைமைப் பண்பை வளர்த்தல்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், நாங்கள் தலையாட்டிவிடுவோம். அப்படி நாங்கள் மயங்கிப்போன ஒரு விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒரு பெண் கேட்டாள்: “வகுப்பு முடியும்போது இருட்டிவிடுமே, எப்படி வீட்டுக்குப் போவது?” செலவுப் பட்டியலைத் திரும்பப் பார்த்தோம். டி-ஷர்ட்டுக்குப் பணம் கேட்டிருந்தார்கள், பேனருக்குக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளின் பயணச் செலவுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது இயல்புதான், மாலை வகுப்புக்குப் போய் எங்களுக்கு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இது புதிய சோதனையும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1980களின் இறுதியிலேயே, கெல்லாக் அறக்கட்டளையின் உதவியோடு, உள்ளூர் சமூக அறக்கட்டளைகள் இளைஞர் ஆலோசனைக் குழுக்களை அமைக்கத் தொடங்கிவிட்டன. இளைஞர்களுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைப்பது அந்தக் குழுக்களின் வேலை. 2014இல் பாஸ்டன் நகராட்சி 10 லட்சம் டாலரை எதற்குச் செலவிடலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களிடம் விட்டது. அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவற்றில் பள்ளிகளுக்கு மடிக்கணினி இருந்தது, நடைபாதை இருந்தது, ஒரு பூங்காவுக்குப் பாதுகாப்புக் கேமராவும் இருந்தது. விளையாட்டாகச் செலவழிப்பார்கள் என்ற வாசகர் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

சரி, என் உண்மையான புகாருக்கு வருகிறேன். அது பிள்ளைகள் மேல் அல்ல, எங்கள் மேல்தான்.

முதல் ஆண்டு நாங்களே எல்லா விண்ணப்பங்களையும் சலித்து, மிஞ்சிய ஐந்தை மட்டும் மதிப்பெண் தாளோடு அவர்கள் முன் வைத்தோம். அவர்களுடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று மனதார நம்பினோம். ஒரு பையன், “மற்றதையெல்லாம் யார் தள்ளியது?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளின் பங்கேற்பைப் பற்றி ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் எட்டுப் படி உள்ள ஓர் ஏணியைச் சொல்கிறார். பிள்ளைகளைப் பெரியவர்களின் கருவியாக்குவது, அலங்காரமாக வைப்பது, ஒப்புக்குச் சேர்ப்பது என்ற கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்பதில்லை. நாங்கள் அந்த மூன்றாவது படியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டிலிருந்து எல்லா விண்ணப்பங்களும் அவர்களிடமே போயின. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் அவர்களே வகுத்தார்கள். ஒரு பையனின் கால்பந்துக் குழுவே விண்ணப்பித்திருந்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே எழுந்து அறைக்கு வெளியே போய் நின்றான். (பெரியவர்களின் கூட்டங்களில் இப்படி எழுந்து போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.)

ஆனால் அவர்கள் அதிகம் கஷ்டப்பட்டது பணம் கொடுப்பதில் அல்ல, மறுப்புக் கடிதம் எழுதுவதில். ‘விண்ணப்பங்கள் அதிகமாக வந்ததால் இம்முறை இயலவில்லை’ என்று எங்களிடம் ஒரு பழைய வாசகம் உண்டு. அதைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றோம். அது பொய் என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான், தள்ளியதற்குக் காரணம் வேறு. பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் உண்மையான காரணத்தை எழுதினார்கள். மனம் நோகாமல் எழுத வேண்டும் என்று ஒரே பத்தியை நாலு தடவை திருத்தினார்கள். ஒரு மாலை முழுக்க அதிலேயே போயிற்று. கடிதம் கிடைத்ததும் ஒருவர் கோபமாகத் தொலைபேசியில் அழைத்தார், அவரிடமும் அந்தப் பிள்ளைகளே பேசினார்கள். அந்தக் குழு அப்புறம் விண்ணப்பிக்கவே இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு குறையும் இருக்கிறது. இந்தக் குழுக்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற, கூச்சமில்லாமல் பேசுகிற பிள்ளைகள். படிப்பை விட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டங்கள் அதிகம் தேவை, ஆனால் அவர்களில் யாரும் எங்கள் மேசைக்கு வரவில்லை. நாங்கள் கூட்டம் வைத்த நேரம் அவர்களுக்கு வேலை நேரம். பயணச் செலவை யார் தருவது என்றும் நாங்கள் யோசிக்கவில்லை, அந்த விண்ணப்பத்தில் இருந்த அதே ஓட்டை.

உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நல்ல படம். அந்தக் காசோலை யாருக்குப் போகலாம் என்ற முதல் பட்டியலைத் தயாரித்தது யார் என்று உங்கள் செய்தியாளர் கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தேர்வுக்குழுவில் இருந்த ஒரு வாசகி